பேரரசரை ஏமாற்றப் பார்த்த கோப்பை

18-ஆம் நூற்றாண்டுச் சீனாவை ஆண்ட சியான்லோங் பேரரசர் கையில் ஒரு ஜேட் கல் கோப்பை இருந்தது. இரண்டு பக்கமும் குழந்தை உருவங்களே கைப்பிடி. உடம்பெல்லாம் பழுப்பும் செம்மையுமாகக் கறை ஏறி, பல நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்து எழுந்து வந்த சாமான் போலிருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஹான் காலத்ததாக இருக்குமோ என்று அவருக்கு ஓர் ஆசை. ஆனாலும் எங்கேயோ உறுத்தியது. அரண்மனைப் பட்டறையில் வேலை பார்த்த யாவ் சோங்ரென் என்ற ஜேட் கைவினைஞரைக் கூப்பிட்டுக் காட்டினார். யாவ் பார்த்தார், சிரித்துவிட்டார். அது தன் தாத்தா செய்தது என்றார்.

கறை எப்படி ஏறியது என்பதையும் யாவே சொன்னார். கல்லில் குறையுள்ள, மட்டமான துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். வைர முனையால் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னதாகக் குத்த வேண்டும். அதன்மேல் அம்பர் பிசினைப் பூசி, கொழுந்துவிட்டு எரியாத, அணைந்தும் போகாத இளஞ்சூட்டில் இரவும் பகலுமாக வைத்திருக்க வேண்டும். ஒரு வருடமாவது ஆகும். யாவின் குடும்பத்துக்கு இது பரம்பரை ரகசியம். பேரரசர் கோபித்துக்கொள்ளவில்லை. நடந்ததை அப்படியே ஒரு கட்டுரையாக எழுதி வைத்துவிட்டார்.

பழைய சீன அரண்மனை ஜேட்டைச் சேகரிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். போலி என்பது இணையத்தோடும் ஏலக்கூடங்களோடும் வந்த புது வியாதி இல்லை. உலகத்திலேயே பெரிய ஜேட் சேகரிப்பை வைத்திருந்த மனிதர், தன் வீட்டுப் பட்டறையிலேயே தலைசிறந்த கைவினைஞர்களை வைத்திருந்தவர், அவரே ஏமாறும் விளிம்புவரை போய்த் திரும்பியிருக்கிறார். நீங்களும் நானும் எம்மாத்திரம்?

சரி, கல்லிலிருந்து தொடங்குவோம். ஜேட் என்றால் பச்சை என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். மரகதத்தின் ஏழைத் தம்பி என்று ஒரு எண்ணமும் உண்டு. அது வேறு, இது வேறு. ஜேட் என்ற பெயரிலேயே இரண்டு வெவ்வேறு கற்கள் இருக்கின்றன. ஒன்று நெஃப்ரைட். கால்சியமும் மெக்னீசியமும் கலந்த சிலிகேட். இன்னொன்று ஜேடைட். அது சோடியமும் அலுமினியமும். இரண்டும் வேறுவேறு கனிமங்கள் என்று 1863-ல் பிரெஞ்சு வேதியியலாளர் தாமூர் நிரூபித்தார். கண்ணைப் பறிக்கும் பச்சை ஜேடைட் பர்மாவிலிருந்து சீனாவுக்குள் பெரிய அளவில் வரத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய ஆறேழு ஆயிரம் வருடச் சீன ஜேட் வரலாறு முழுக்க முழுக்க நெஃப்ரைட்டின் வரலாறு. அதிலும் உச்சத்தில் வைத்துக் கொண்டாடப்பட்டது பச்சை இல்லை, வெள்ளை. லேசாக எண்ணெய் பூசினாற்போன்ற வெள்ளையை 'ஆட்டுக்கொழுப்பு' என்பார்கள் சீனர்கள். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இதில் புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நகைக்கடையில் 'இம்பீரியல் ஜேட்' என்று சொன்னால் அது உயர்தரப் பச்சை ஜேடைட்டின் தரப் பெயர். அரண்மனைக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஏலப் பட்டியலில் 'இம்பீரியல்' என்று போட்டிருந்தால் பேரரசருக்காகச் செய்தது என்று அர்த்தம், அது பெரும்பாலும் வெள்ளையோ வெளிர்பச்சையோ ஆன நெஃப்ரைட். தைபேய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் கூட்டம் முண்டியடித்துப் பார்க்கும் ஜேட் முட்டைக்கோஸ் இரண்டும் சேர்ந்த அபூர்வம். 18.7 சென்டிமீட்டர் உயரம், இலைமேல் இரண்டு பூச்சிகள், கல் ஜேடைட். கடைசிக்கு முந்தைய பேரரசரின் துணைவியர் ஒருவருடைய மாளிகையில் இருந்தது. சீதனமாக வந்திருக்கலாம் என்கிறார்கள்.

நெஃப்ரைட்டை உளியால் செதுக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத நார்கள் பாய் முடைந்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால் சுத்தியலுக்கும் எளிதில் உடையாது. அதனால் ஜேட் 'செதுக்கல்' என்று நாம் வழக்கத்தில் சொல்வது உண்மையில் சாணை பிடிப்பதுதான். காலால் மிதித்துச் சுழற்றும் சட்டத்தில் இரும்புத் தட்டு சுற்றும். கைவினைஞர் ஈர மணலைத் தொடர்ந்து அதன்மேல் வாரி விடுவார். இரும்பு கல்லை அறுப்பதில்லை, மணல்தான் தேய்க்கிறது. படிகக்கல் மணல், கார்னெட் மணல், அதைவிடக் கடினமான குருந்தம். குருந்தம் நம் ஊர்ச் சொல். உலகம் முழுக்க அந்தக் கனிமத்துக்கு வழங்கும் பெயர் தமிழிலிருந்து போனதுதான். ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் குடைந்து வழவழப்பாக்கவே மாதக்கணக்கில் ஆகும். இந்த மெதுவான தேய்ப்பு விட்டுப்போகும் தடயம்தான் இன்றைக்கு நிஜத்தையும் போலியையும் பிரிக்க உதவும் முக்கியமான சாட்சி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அரண்மனை ஜேட் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி ஏன் ஒரே பேரரசரின் பெயரில் இருக்கிறது என்று கேட்கலாம். சியான்லோங் 1735-ல் அரியணை ஏறி அறுபது ஆண்டு ஆண்டவர் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் ராணுவம். நல்ல நெஃப்ரைட் கிடைக்கும் இடம் கோத்தானும் யார்கண்டும், இன்றைய சீனாவின் வடமேற்கில் உள்ள சின்ஜியாங்கில். குன்லுன் மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் உருண்டு வரும் கற்கள். அந்தப் பகுதி முழுவதும் சியான்லோங் ஆண்ட சிங் பேரரசின் கைக்கு வந்தது 1759-ல். மறுவருடத்திலிருந்து கல் திறையாக பெய்ஜிங்குக்கு வரத் தொடங்கியது. அதுவரை சொட்டுச் சொட்டாக வந்த சரக்கு மடை திறந்தது. சூசோ, யாங்சோ என்ற கிழக்கு நகரங்களில் பட்டறைகள் நிரம்பின.

கல் அரசுடைமை என்று ஆனதும் கடத்தலும் வந்தது. 1778-ல் யார்கண்டில் அதிகாரியாக இருந்த காவ் பூ, உள்ளூர் மக்களை மலைக்கு அனுப்பிக் கல் வெட்ட வைத்து, அதை ரகசியமாக சூசோ சந்தையில் விற்றது அம்பலமானது. அவர் சாதாரண ஆள் இல்லை, பேரரசரின் மறைந்த துணைவி ஒருவருடைய சகோதரரின் மகன். உறவு காப்பாற்றவில்லை. தலை போனது.

இந்தக் கல் வெள்ளத்தின் உச்சம் இன்றும் பெய்ஜிங் அரண்மனைக்குள் நிற்கிறது. புராண கால மாமன்னர் யூ வெள்ளத்தை அடக்கிய கதையைச் சொல்லும் ஜேட் மலை. 224 சென்டிமீட்டர் உயரம், ஐந்து டன்னுக்கும் மேல் எடை. சின்ஜியாங் மலையிலிருந்து குதிரைகளும் ஆட்களுமாக இழுத்து பெய்ஜிங் கொண்டுவரவே மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. குளிர்காலத்தில் பாதையில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, பனிக்கட்டிமேல் சறுக்கி நகர்த்தினார்கள் என்பார்கள். பெய்ஜிங்கில் முதலில் மெழுகில் ஒரு மாதிரி உரு செய்தார்கள். யாங்சோவின் வெயிலுக்கு மெழுகு உருகிவிடுமே என்று அதைப் பார்த்து மரத்தில் இன்னொன்று செய்தார்கள். கல்லை யாங்சோவுக்கு அனுப்பி, அங்கே வருடக்கணக்கில் சாணை பிடித்து, 1787-ல் வேலை முடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மலைச்சரிவில் பாறையை நெம்பிக்கொண்டும் சம்மட்டி ஓங்கிக்கொண்டும் குட்டிக் குட்டி மனிதர்கள். அந்தக் கல்லை இழுத்து வந்தவர்களின் உருவமே அதில் பதிந்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றும்.

1799-ல் சியான்லோங் இறந்தார். மகன் ஜியாசிங் செய்த முதல் காரியங்களில் ஒன்று, சின்ஜியாங்கிலிருந்து வழியில் வந்துகொண்டிருந்த பெரிய ஜேட் பாறைகளை நின்ற இடத்திலேயே போட்டுவிடச் சொன்னது. வழிநெடுக மக்கள் படும் பாடு போதும் என்று நினைத்திருப்பார். அப்பாவின் செலவுக் கணக்கும் கண்ணில் பட்டிருக்கும். ஆக, 1760 முதல் 1799 வரை நாற்பது வருடம். அரண்மனை ஜேட் என்று இன்றைய ஏலங்கள் துரத்துவதில் மிகுந்த பங்கு அந்தக் குறுகிய இடைவெளியில் பிறந்தது.

அளவு மட்டும் காரணம் இல்லை. சியான்லோங் எதையும் சும்மா விடமாட்டார். நாற்பதாயிரத்துக்கும் மேல் கவிதை எழுதியதாகக் கணக்கு. அதில் நூற்றுக்கணக்கானவை ஜேட்டைப் பற்றியவை. எழுதியதோடு நிற்காமல், அவற்றை அந்தந்தப் பொருளின் மேலேயே வெட்டச் சொல்லிவிடுவார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு 'பி' இருக்கிறது. 'பி' என்பது நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தகடு. அதற்கு வயது மூவாயிரத்துக்கும் மேல். அதன்மேல் 1790-ல் பேரரசர் தன் கவிதையைப் பொறிக்க வைத்தார். கவிதையின் பொருள் கிட்டத்தட்ட இப்படி: பழங்காலத்தில் கிண்ணமே கிடையாது என்கிறார்களே, அப்படியென்றால் இந்தக் கிண்ணத் தாங்கி எங்கிருந்து வந்தது? அவர் அந்தத் தகட்டைக் கிண்ணம் வைக்கும் தாங்கி என்று முடிவுகட்டிவிட்டார். அதற்கு ஜோடியாகத் தன் சேகரிப்பிலிருந்து ஒரு பீங்கான் கிண்ணத்தையும் தேடிப் பிடித்துச் சேர்த்தார்.

லியாங்சூ என்ற கற்கால நாகரிகத்தின் 'சோங்' குழாய்களையும், அதாவது வெளியே நாலு மூலையும் உள்ளே வட்டத் துளையுமான ஜேட் குழாய்களையும், இப்படித்தான். நாலாயிரத்துச் சொச்சம் வருடப் பழமையான சடங்குப் பொருள்கள் அவை. வண்டியிலோ பல்லக்கிலோ தண்டின் முனையில் மாட்டும் பூண் என்று நினைத்தார். சிலவற்றுக்குள் உலோகக் குப்பி செருகிப் பூச்சாடியாக்கினார். சிலவற்றில் கவிதை தலைகீழாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இன்றைய தொல்லியலாளர் யாராவது இப்படிச் செய்தால் வேலை போய்விடும். ஆனால் சந்தையின் வினோதம் பாருங்கள்: பேரரசரின் தப்பான கவிதை உள்ள 'பி', கவிதை இல்லாத அதே வயது 'பி'யைவிடப் பலமடங்கு விலை போகும். சேகரிப்பவர் வாங்குவது கல்லை இல்லை. கல்லின்மேல் இன்னொரு சேகரிப்பாளர் விட்டுச்சென்ற கைரேகையை வாங்குகிறார்.

அந்தக் கை நல்ல ரசனையுள்ள கைதான், அதையும் சொல்ல வேண்டும். சூசோ பட்டறைகள் விலையை ஏற்றுவதற்காகக் கல்லைச் சல்லடையாகத் துளைத்து மிகையாக அலங்கரிப்பதைப் பார்த்து, இது ஜேட்டுக்கு வந்த கேடு என்று கடிந்து எழுதியவர் அவர். பழைய வெண்கலப் பாத்திரங்களின் வடிவில் ஜேட் செய்யச் சொல்லி, 'பழமையைப் பின்பற்றியது' என்று நேர்மையாக அடியில் பொறிக்கவும் வைத்தார். முகலாய ஜேட் மேல் அவருக்குத் தீராத மோகம். 1768-ல் பூ வடிவத் தட்டுகள் ஒரு ஜோடி கையில் கிடைத்ததிலிருந்து 'ஹிந்துஸ்தான்' எங்கே இருக்கிறது என்று நூல்களைப் புரட்டி ஆராய்ச்சியே செய்தார். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சுவர், இலை வடிவக் கிண்ணம், தங்கக் கம்பியில் பதித்த சிவப்புக் கற்கள். தன் ஆட்கள் இந்த நேர்த்திக்கு வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டு, அதே பாணியில் செய்து பார்க்கவும் வைத்தார். இந்த வகையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ள ஷாஜகானின் வெள்ளை ஜேட் மதுக்கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். 1657-ல் செய்தது. சுரைக்காய்ப் பாதி மாதிரி தொடங்கி, ஒடுங்கி, ஆட்டுத் தலையாக முடியும்.

இப்போது அசல் எது, போலி எது என்ற விஷயம். அடியில் எந்தப் பேரரசர் காலத்தது என்று சொல்லும் ஆட்சிக்கால முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது ஆரம்பம் மட்டுமே. முத்திரை எழுத்தைப் பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். சிங்குக்கு முந்தைய மிங் காலத்து சூசோ மேதை லூ சிகாங்கின் பெயர் பொறித்த பதக்கங்கள் உலகமெங்கும் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் அவரே செய்திருந்தால் மனிதர் பல நூற்றாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். அதைவிட ஆபத்தானது அரைப் போலி: கல் நிஜம், வேலை நிஜம், சிங் காலமும் நிஜம், அரண்மனை எழுத்து மட்டும் நேற்றைக்குப் போட்டது. யாரோ ஒரு உப்பு வியாபாரியின் மேசையில் இருந்த நல்ல பொருள், நாலு எழுத்தால் பேரரசரின் மேசைக்குப் போய்விடுகிறது.

பூதக்கண்ணாடி இங்கேதான் வேலைக்கு வரும். ஈர மணலால் தேய்த்த பழைய கோட்டின் ஓரம் மழுங்கியிருக்கும், பள்ளத்துக்குள்ளும் மெருகு ஓடியிருக்கும், அகலம் ஒரு சீராக இருக்காது. மின்சாரத்தில் சுழலும் வைர முனை போட்ட கோட்டில் ஓரம் வெடுக்கென்று இருக்கும், உள்ளே நடுங்கிய தடம் தெரியும். கவிதை வரியின் பள்ளம் ஒரு மாதிரியும் பக்கத்து அலங்காரத்தின் பள்ளம் வேறு மாதிரியும் இருந்தால் பையை மூடிவிட்டுக் கிளம்பலாம். கல்லே வேறாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஜேட் போலவே இருக்கும் செர்ப்பன்டைனைக் கத்தி முனை கீறிவிடும், நெஃப்ரைட்டைக் கீறாது. (விற்பவர் முன்னால் கத்தியை எடுக்காதீர்கள். அடர்த்தியை அளக்கச் சொல்லிக் கேட்பது மரியாதை.)

நிபுணர் சொன்னார் என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2011-ல் பெய்ஜிங்கில் ஹான் காலத்து ஜேட் ஒப்பனை மேசையும் ஆசனமும் 22 கோடி யுவானுக்கு ஏலம் போயின. ஹான் காலத்தவர்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கு ஏது முக்காலி? அப்புறம் ஜியாங்சு மாகாணத்தின் பிசோவைச் சேர்ந்த கைவினைஞர்கள், அது தாங்கள் 2010-ல் செய்தது என்று சொன்னார்கள். அதே 2011-ல் வெளிவந்த இன்னொரு வழக்கு இதையும் மிஞ்சும். தங்கக் கம்பியில் ஜேட் சில்லுகளைக் கோத்த பிண உடுப்பு ஒன்றுக்கு, ஐந்து மூத்த நிபுணர்கள் 240 கோடி யுவான் மதிப்புப் போட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறக்காமலேயே சுற்றிவந்து பார்த்துவிட்டு. அந்தச் சான்றிதழைக் காட்டி வங்கியில் கடன் வாங்கியிருந்தார் உடுப்பின் சொந்தக்காரரான தொழிலதிபர். உடுப்பு புதிது.

ஆக, கடைசியில் எல்லோரும் நம்புவது காகிதத்தை. பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் சங்கடமான இடமும் அதுதான். அரண்மனைப் பொருள் அரண்மனைக்கு வெளியே எப்படி வந்தது?

1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்குக்கு வெளியே இருந்த யுவான்மிங்யுவான் கோடைக்கால அரண்மனைக்குள் புகுந்து சூறையாடின. பிறகு பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு உத்தரவில் அது கொளுத்தப்பட்டது. பிரிட்டிஷ் முகாமில் கொள்ளைப் பொருளை அங்கேயே ஏலம் போட்டு, பணத்தைப் படையினருக்குப் பங்கிட்டார்கள். நமக்கும் இதில் ஒரு நூல் உண்டு. எல்ஜின் அடுத்து இந்தியாவின் வைஸ்ராயாக வந்து 1863-ல் தர்மசாலாவில் இறந்தார். அந்தப் படையெடுப்பில் போன இந்தியப் பிரிவுகளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும் ஒன்று. தாக்கு கோட்டை, பீகிங் என்ற பெயர்கள் அவர்களுடைய போர்க் கௌரவப் பட்டியலில் இருக்கின்றன.

லண்டன், பாரிஸ் ஏலக்கூடங்களில் அப்போது 'கோடைக்கால அரண்மனையிலிருந்து' என்ற அடைமொழி விலையை ஏற்றும் விளம்பரமாக இருந்தது. அதே அடைமொழி இப்போது விற்பனையைத் தடுக்கிறது. 2012-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்த இரண்டு ஜேட் பொருள்கள் யுவான்மிங்யுவானிலிருந்து போனவை என்று பட்டியலிலேயே சொல்லியிருந்தது. சீன அரசு ஆட்சேபித்தது, அவை விலக்கிக்கொள்ளப்பட்டன.

1900-ல் வெளிநாட்டுப் படைகளின் இன்னொரு சூறை. ஆனாலும் எல்லாப் பழியையும் வெளிநாட்டுக்காரர்மேல் போட முடியாது. 1911 புரட்சிக்குப் பிறகும் அரண்மனைக்குள்ளேயே இருக்க அனுமதிக்கப்பட்ட கடைசிப் பேரரசர் பூயி, தம்பியின் கையில் கொடுத்துப் பொருள்களை வெளியே அனுப்பினார். அரண்மனை வேலையாட்களான அண்ணகர்களும் தங்கள் பங்குக்கு எடுத்தார்கள். பூயி கணக்கெடுக்கச் சொன்ன சமயத்தில், 1923 ஜூனில், பொக்கிஷங்கள் இருந்த மாளிகை ஒன்று எரிந்துபோனது. 1924-ல் பூயி வெளியேற்றப்பட்டார். மறுவருடம் அக்டோபர் 10 அன்று அரண்மனையே அருங்காட்சியகமானது. 1928-ல் சுன் தியான்யிங் என்ற படைத்தலைவர் சியான்லோங்கின் கல்லறையையே வெடிவைத்துத் திறந்து உள்ளே இருந்ததை அள்ளிக்கொண்டு போனார்.

இந்த வழிகளில் ஏதோ ஒன்றில்தான் அரண்மனை ஜேட்டில் பெரும்பகுதி வெளியே வந்திருக்க முடியும். அரசர் பரிசாகக் கொடுத்ததும் உண்டு, அது சொற்பம். பொருள் நிஜம் என்று காட்டும் அதே காகிதம், அது எப்படிப் போனது என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும். இதனால்தான் பழைய, பெயருள்ள சேகரிப்புகள் வழியாக வந்தவற்றுக்கு மதிப்பு. நியூயார்க்கின் சேகரிப்பாளர் ஹீபர் பிஷப் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜேட்களை 1902-ல் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்தார். அவற்றைப் பற்றிய பிரம்மாண்டமான புத்தகம் நூறே பிரதிகள் அச்சானது. அந்த மாதிரிப் பட்டியலில் ஒரு படமாக இடம்பெற்றிருப்பது இன்றைக்கு எந்தச் சான்றிதழையும்விடப் பெரிய சான்றிதழ்.

சீனப் பணக்காரர்கள் சந்தைக்குள் வந்த பிறகு விலை எங்கேயோ போய்விட்டது. சியான்லோங்கின் வெள்ளை ஜேட் முத்திரை ஒன்று 2010-ல் ஹாங்காங் சதபீஸ் ஏலக்கூடத்தில் 12 கோடியே 16 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. 2021-ல் இன்னொன்று 14 கோடியே 57 லட்சம். சாதாரண ஆள் இதில் செய்ய ஒன்றும் இல்லை. ஆசை விடவில்லை என்றால், எழுத்தும் முத்திரையும் இல்லாத சிங் காலத்துச் சின்னப் பொருள்கள் உண்டு. இடைவார்க் கொக்கி, மூக்குப்பொடிக் குப்பி, கைக்குள் அடங்கும் விலங்கு உருவம். யாரும் போலி எழுத்துப் போட மெனக்கெடாத பொருளில் ஏமாற்றமும் குறைவு, கல்லும் வேலையும் கண்ணுக்கு நேராகத் தெரியும். சிங்கப்பூர், பினாங்கு போகிறவர்கள் வாங்கிவரும் வளையலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது நகை.

விலை ஏறியதும் திருடர்களும் பாடம் படித்துவிட்டார்கள். 2012 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்திலிருந்து 18 சீனப் பொருள்கள் போயின, பெரும்பாலும் ஜேட். அதே மாதம் இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகத்தின் கீழைக்கலை அருங்காட்சியகத்தில் சுவரைத் துளைத்து நுழைந்தவர்கள், ஒரு பீங்கான் சிலையையும் பெரிய பச்சை ஜேட் கிண்ணம் ஒன்றையும் எடுத்துப் போனார்கள். 1769-ல் செய்த கிண்ணம், உள்ளே கவிதை பொறித்தது. ஊருக்கு வெளியே புதர்மண்டிய வெற்றிடத்தில் ஒளித்துவிட்டு, பிறகு எடுக்க வந்தார்கள். எங்கே வைத்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சில நாளில் போலீஸ் அதைக் கண்டெடுத்தது, கிண்ணம் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. கேம்பிரிட்ஜின் 18-ம் திரும்பி வந்ததாகச் செய்தி இல்லை.